குடிக்காத அப்பாவுக்கு ஈரலில் கான்சர்: வைரஸ் என்கிறார்களே, எப்படி?

தட்டோன் பையன் | ஞாயிறு, இரவு 9.10

அப்பா போய் இன்றோடு நாற்பத்தொரு நாள். கல்லீரலில் கான்சர். சோற்றுத் தட்டைப் பாதியில் தள்ளிவைக்க ஆரம்பித்து மூன்று மாதம் கழித்துத்தான் ஆஸ்பத்திரிக்கு வரச் சம்மதித்தார். அதற்கப்புறம் ஏழு வாரம்.

பதினாறாம் நாள் காரியத்தில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு பெரியப்பா ஒருவர் சொன்னது என் காதிலேயே விழுந்தது. "குடிக்காதவனுக்கு ஈரல் கெடுமா? யாருக்கும் தெரியாமல் ஊற்றியிருப்பான்." என் அப்பா பால் வியாபாரி. விடியற்காலை மூன்றுக்கு எழுந்து மாட்டைக் கவனித்து, பத்து மணிக்குள் ஊருக்கெல்லாம் பால் ஊற்றிவிட்டு வருவார். வருடம் தவறாமல் தீமிதிக்குக் காப்புக் கட்டுகிறவர். சாராய வாடையே அவருக்கு ஆகாது.

டாக்டர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "ஹெபடைடிஸ் பி வைரஸ் இருந்திருக்கிறது, ரொம்ப வருஷமாக." அதற்கு மேல் கேட்க முடியவில்லை, எங்களுக்குப் பின்னால் அவ்வளவு பேர் நின்றார்கள்.

வைரஸ் வந்தால் காய்ச்சல் வரும், காமாலை வரும், ஒரு வாரமோ ஒரு மாதமோ இருந்துவிட்டுப் போகும். அது கட்டியை எப்படி வளர்க்கும்? அப்பாவுக்குக் காமாலை வந்ததாக அம்மாவுக்கு ஞாபகமே இல்லை. ஐம்பத்தெட்டு வயது வரை அது எங்கே படுத்திருந்தது? பெரியப்பாவிடம் நேராகச் சொல்கிற மாதிரி ஒரு பதில் வேண்டும்.


பெகு வாத்தியார் | ஞாயிறு, இரவு 9.48

தம்பி, உன் துக்கத்தில் பங்கு கொள்கிறேன். உன் அப்பாவிடம் பால் வாங்கிக் குடித்தவன் நான்.

ஆனால் ஒன்று. "கான்சருக்கு வைரஸ் காரணம்" என்று தலைப்பில் போட்டுவிட்டாய். நாளைக்கு இதைப் படிக்கிறவர்கள் கான்சர் வந்த வீட்டில் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். நான் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது, கான்சர் தொற்றுநோய் அல்ல, நம் உடம்பின் செல்லே கட்டுப்பாடு இழந்து பெருகுவது என்பதுதான். டாக்டர் அவசரத்தில் ஏதோ சொல்லியிருப்பார்.


லேப் அக்கா | ஞாயிறு, இரவு 10.30

வாத்தியார் ஐயா, நீங்கள் சொல்லிக்கொடுத்ததும் சரி, அந்த டாக்டர் சொன்னதும் சரி. கான்சர் ஒட்டாது. கான்சருக்கு வழி வெட்டிவிடும் சில வைரஸ்கள் ஒட்டும். இரண்டும் வேறு வேறு என்று பிரித்துப் பார்க்கப் பெரிய பெரிய டாக்டர்களுக்கே பல காலம் ஆயிற்று.

நியூயார்க்கில் பெய்டன் ரௌஸ் என்று ஒருவர். கட்டி வந்த ஒரு கோழியை ஒருவர் அவரிடம் கொண்டுவந்தார். ரௌஸ் அந்தக் கட்டியை அரைத்து, செல் எதுவும் தாண்ட முடியாத நுண்சல்லடையில் வடிகட்டினார். வடிந்த தெளிநீரை வேறொரு கோழிக்கு ஊசி போட்டார். அதற்கும் கட்டி வந்தது. செல் போகவில்லை, செல்லைவிடச் சின்னதாக எதுவோ போயிருக்கிறது. இது 1911. கோழிச் சமாச்சாரம்தானே என்று ஒதுக்கிவிட்டார்கள். நோபல் பரிசு கொடுத்தது 1966ல், அவருக்கு 87 வயதாகும்போது.

உங்கள் அப்பாவுக்கு வந்த பி வைரஸைப் பற்றித் தைவானில் செய்த ஓர் ஆய்வை நான் லேபில் சேர்ந்த புதிதில் படித்தேன், இன்னும் மறக்கவில்லை. பீஸ்லி என்பவரும் அவர் கூட்டாளிகளும் 22,707 ஆண் அரசு ஊழியர்களின் ரத்தத்தில் பி வைரஸ் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக் குறித்து வைத்துக்கொண்டு, வருடக் கணக்கில் பின்தொடர்ந்தார்கள். ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு வைரஸ் இருந்தது. 1981ல் கணக்கை வெளியிட்டபோது 41 பேருக்கு ஈரல் கான்சர் வந்திருந்தது. அந்த 41ல் 40 பேர் வைரஸ் இருந்தவர்கள். பெரியப்பாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

காமாலை ஏன் வரவில்லை என்று கேட்டீர்களே, அதில்தான் விஷயமே இருக்கிறது. பெரிய ஆளாக வளர்ந்தபின் பி வைரஸ் தொற்றினால் உடம்பின் காவல்படை சண்டை போடும், காமாலை வரும், பெரும்பாலும் வைரஸை விரட்டிவிடும். நூற்றுக்கு ஐந்து பேருக்குக்கூட அது நிரந்தரமாகத் தங்காது. பிரசவத்தில் தாயிடமிருந்து கைக்குழந்தைக்குப் போனால் கதை தலைகீழ். அந்தக் காவல்படைக்கு அப்போது ஆள் அடையாளம் தெரியாது. சண்டை இல்லை, காமாலையும் இல்லை. நூற்றுக்குத் தொண்ணூறு குழந்தைகளுக்கு அது ஆயுளுக்கும் தங்கிவிடும். உங்கள் அப்பா பிறந்த காலத்தில் உலகத்தில் எங்கேயும் இதற்குத் தடுப்பூசி கிடையாது. அனேகமாகப் பிறந்தபோதோ, தவழ்கிற வயதிலோ வந்திருக்கும். அதற்கும் அவர் நடத்தைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

கரண்ட் போகப் போகிறது. மீதி நாளைக்கு.


துவாண்டே தாத்தா | திங்கள், காலை 6.05

மகளே, எல்லாம் படித்தேன். தங்கியிருக்கிறது, சரி. தங்கியிருந்து என்ன செய்கிறது? வாடகைக்கு வந்தவன் வீட்டை இடிப்பானா? அதை எனக்குப் புரிகிற மாதிரிச் சொல். நான் நாற்பது வருடம் ரைஸ் மில்லில் இருந்தவன், நாலாம் வகுப்புக்கு மேல் ஏட்டுப் படிப்பு கிடையாது.


லேப் அக்கா | திங்கள், இரவு 8.20

தாத்தா, மில்லையே வைத்துச் சொல்கிறேன். தப்பிருந்தால் திருத்துங்கள்.

பி வைரஸைவிட, பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயில் வருகிற ஹெச்பிவி என்ற வைரஸின் வேலை இன்னும் தெளிவாகத் தெரிந்தது. அதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

கர்ப்பப்பை வாயின் மேல்படலம் அடுக்கடுக்காக இருக்கும். அடி அடுக்கில் இருக்கும் செல்தான் இரண்டாகப் பிரியும். மேலே ஏற ஏறப் பிரிவதை நிறுத்திவிட்டுக் கடைசியில் உதிர்ந்துபோகும். இந்த வைரஸ் தன்னைப் பல்லாயிரமாக நகல் எடுப்பது அந்த மேலடுக்குகளில். ஆனால் அங்கே மில்லை மூடிவிட்டார்கள்! நகல் எடுக்கிற சாமான் எதுவும் ஓடவில்லை. வைரஸிடம் சொந்த மில் இல்லை. மொத்தமாகவே எட்டு ஒன்பது ஜீன்தான் கையில் வைத்திருக்கிறது. ராத்திரி மில்லுக்குள் நெல் மூட்டையோடு புகுந்த திருடன் என்று வையுங்கள். நெல் அரைபட வேண்டும் என்றால் பூட்டியிருக்கிற மில்லை அவன் ஓட்டியாக வேண்டும். அதனால் பூட்டை உடைக்கிறான், குரைக்கிற நாய்க்கு விஷம் வைக்கிறான்.

பூட்டு என்று நான் சொன்னது ஆர்பி என்ற புரதம். செல் தேவையில்லாமல் பிரியாமல் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான். வைரஸின் ஈ7 என்ற புரதம் அதைப் பிடித்து முடக்கிவிடும். நாய் என்று சொன்னது பி53. செல்லுக்குள் ஏதாவது கோளாறு என்றால் வேலையை நிறுத்தும், சரிசெய்ய முடியாவிட்டால் அந்தச் செல்லையே தற்கொலை செய்துகொள்ளச் சொல்லும். வைரஸின் ஈ6 புரதம் அந்த பி53ஐக் குப்பை என்று முத்திரை குத்தி, செல்லின் சொந்தக் குப்பை வண்டியிலேயே ஏற்றி அனுப்பிவிடும்.


துவாண்டே தாத்தா | செவ்வாய், காலை 5.50

மில்லுக்குப் பூட்டு வாசலில்தான் இருக்கும் மகளே, இஞ்சினில் இருக்காது. நீ சொல்கிறதைப் பார்த்தால் அது பூட்டு இல்லை, கவர்னர்.

எங்கள் காலத்தில் உமி போட்டு எரிக்கிற ஸ்டீம் இஞ்சின். அதன் தலைமேல் இரண்டு இரும்புக் குண்டு சுற்றிக்கொண்டே இருக்கும். இஞ்சின் வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து மேலே போய் ஆவியைக் குறைத்துவிடும். அதற்குப் பெயர் கவர்னர். அதன் பெல்ட் அறுந்தால் இஞ்சின் தறிகெட்டு ஓடும், பல் சக்கரம் தெறிக்கும். ஆனால் அந்த மாதிரி ஓடும்போது சத்தம் மாறும். சத்தத்தைக் கேட்டே மேஸ்திரி ஓடிவந்து ஆவியை மூடுவார். திருடன் கவர்னர் பெல்ட்டைக் கழற்றுகிறான், மேஸ்திரியைக் கட்டிப்போடுகிறான். அப்படித்தானே?

ஆனால் எனக்கு ஒன்று இடிக்கிறது. திருடன் நெல்லை அரைத்துக்கொண்டு விடியுமுன் போய்விடுவான். மில் உடைந்தால் நாளைக்கு அவனுக்கும் அரைக்க இடம் இல்லை. அவனுக்கு இதில் என்ன லாபம்?


லேப் அக்கா | செவ்வாய், இரவு 7.55

தாத்தா, மேஸ்திரி உங்களுடையதாகவே இருக்கட்டும். என் நாயை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

லாபம் ஒன்றும் இல்லை. இதைத்தான் நிறையப் பேர் தப்பாக நினைக்கிறார்கள். வைரஸ் கான்சரை "உண்டாக்க" வரவில்லை. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் உடம்பில் ஹெச்பிவி ஒன்றிரண்டு வருடத்தில் அடங்கிப்போகும். நகல் எடுத்த செல் உதிர்ந்துவிடும், திருடன் போய்விட்டான், மில்லுக்குச் சேதமில்லை. எங்கோ ஒரு சில செல்லில் விபத்து நடக்கிறது. வைரஸின் டி.என்.ஏ உடைந்து நம் டி.என்.ஏவுக்குள் செருகிக்கொள்ளும். உடையும்போது பெரும்பாலும் ஈ2 என்ற ஜீன் துண்டாகிவிடும். ஈ6, ஈ7 இரண்டையும் அளவோடு வைத்திருந்ததே அந்த ஈ2தான். அது போனபின் இவை இரண்டும் இரவு பகலாகச் சுரக்கும். அந்த நிலையில் முழு வைரஸ் ஒன்றுகூட வெளியே வராது. திருடன் உள்ளேயே செத்துவிட்டான், அவன் கை மட்டும் கவர்னரில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

அப்போதும் கான்சர் வந்துவிடாது. மேஸ்திரி இல்லாத மில்லில் அடுத்தடுத்துப் பழுது சேர வேண்டும். நல்ல எதிர்ப்புச் சக்தி உள்ள பெண்ணுக்கு அதற்குப் பதினைந்து இருபது வருடம் ஆகும்.

அந்தக் கை மாட்டியிருப்பதற்குச் சாட்சி உண்டு. 1951ல் அமெரிக்காவில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கர்ப்பப்பை வாய்க் கட்டியிலிருந்து எடுத்த செல்கள் இன்றைக்கும் உலகத்து லேப்களில் வளர்ந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் இருப்பது 18ஆம் வகை ஹெச்பிவி. அந்தச் செல்களில் ஈ6, ஈ7 இரண்டையும் அடக்கினால், இத்தனை வருடம் கழித்தும், பி53 மறுபடி எழுந்து வேலை பார்க்க ஆரம்பிக்கிறது. செல்கள் பிரிவதை நிறுத்துகின்றன. மேஸ்திரியைக் கட்டித்தான் போட்டிருந்தார்கள், கொல்லவில்லை.


துவாண்டே தாத்தா | புதன், காலை 6.00

புரிந்தது. மேஸ்திரி கட்டை அவிழ்த்தால் எழுந்திருக்கிறார் என்பது கேட்க நன்றாக இருக்கிறது.


மோல்மீன் மருமகள் | புதன், பகல் 1.15

இத்தனை நாள் படித்துக்கொண்டே இருந்தேன், எழுதத் தைரியம் இல்லை. எனக்குப் போன வருடம் கர்ப்பப்பை வாயில்தான். ஆபரேஷன் முடிந்து நன்றாக இருக்கிறேன். அங்கே ஒரு நர்ஸ் வார்டில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "இது உறவில் ஒட்டுகிற வைரஸ்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றையிலிருந்து வீட்டில் என் மாமியார் என்னிடம் பேசுவது குறைந்துவிட்டது. என் வீட்டுக்காரர் வாயைத் திறந்து கேட்கவில்லை, ஆனால் அவர் பார்க்கிற பார்வை எனக்குத் தெரியும். நானும் அவரைச் சந்தேகமாகத்தான் பார்க்கிறேன், பொய் சொல்வானேன்.


லேப் அக்கா | புதன், இரவு 9.05

தங்கச்சி, அந்த நர்ஸ் சொன்னது பாதி. மீதிப் பாதியைச் சொல்லாமல் போனது பெரிய பாவம்.

தாம்பத்தியம் நடத்துகிற ஆண் பெண்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது ஹெச்பிவி தொற்றும். ஒரே கணவன், ஒரே மனைவி என்று இருந்தவர்களுக்கும்தான். உங்கள் மாமியாருக்கும் வந்து போயிருக்கலாம், எனக்கும் வந்து போயிருக்கலாம். அறிகுறி இல்லாததால் யாருக்கும் தெரிவதில்லை. இருபது வருடத்துக்கு முன் வந்து தங்கியது இன்றைக்குக் கட்டியாகிறது. யாரிடமிருந்து என்று தேடினால் விடை கிடைக்காது, வீடுதான் இரண்டாகும். உங்கள் வீட்டுக்காரரை இந்த இழையைப் படிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஒரு நாள் என்னிடம் பேசச் சொல்லுங்கள்.

ஹரால்ட் சுர் ஹௌசன் என்ற ஜெர்மானியர் ஹெச்பிவிதான் காரணம் என்று சொன்னபோது மற்றவர்கள் ஹெர்பிஸ் வைரஸ்தான் என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் 1983ல் 16ஆம் வகையையும், அடுத்த வருடம் 18ஐயும் பிரித்துக் காட்டினார். கர்ப்பப்பை வாய் கான்சரில் நூற்றுக்கு எழுபது இந்த இரண்டு வகையால்தான். 2008ல் நோபல் வாங்கினார். நம் பர்மாவில் சிறுமிகளுக்கான தடுப்பூசி 2020ல் வந்தது. உங்களுக்குப் பெண் குழந்தை இருந்தால், போட்டாயிற்றா என்று முதலில் அதைக் கேளுங்கள்.


மோல்மீன் மருமகள் | புதன், இரவு 9.40

இரண்டு பேர் இருக்கிறார்கள். பெரியவளுக்குப் போட்டாயிற்று, சின்னவளுக்கு இன்னும் இல்லை. நன்றி அக்கா. இழையை அவருக்கு அனுப்பிவிட்டேன்.


தட்டோன் பையன் | வியாழன், இரவு 8.00

அக்கா, அப்பா விஷயத்துக்கு வாருங்கள். ஈரலிலும் இதே கவர்னர், இதே மேஸ்திரிதானா?


லேப் அக்கா | வியாழன், இரவு 10.10

மில் அதுதான், உடைக்கிற விதம் வேறு. ஹெச்பிவி இரண்டு ஆயுதத்தோடு நேராக வருகிற திருடன். பி வைரஸ் அப்படி இல்லை, அது மூன்று நான்கு வழியில் மெதுவாக அரிக்கும்.

பி வைரஸ் ஈரல் செல்லைத் தானாகக் கொல்வதில்லை. முப்பது நாற்பது வயதில் உடம்பின் காவல்படைக்குத் திடீரென்று ஞானோதயம் வந்து, வைரஸ் இருக்கிற செல்களை அடிக்க ஆரம்பிக்கும். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினாற்போல. செத்த செல்லுக்குப் பதில் ஈரல் புதுச் செல்லை உண்டாக்கும். மறுபடி அடி, மறுபடி புதுச் செல். இப்படி வருடக் கணக்கில். ஒவ்வொரு முறை பிரியும்போதும் டி.என்.ஏவின் 600 கோடி எழுத்தை நகல் எடுக்க வேண்டும், எங்காவது ஓர் எழுத்து தப்பும். அழற்சியில் உண்டாகிற வேண்டாத ரசாயனங்களும் டி.என்.ஏவைக் கீறும். தழும்பு விழுந்து விழுந்து ஈரல் கல்லாக இறுகுவதைத்தான் சிரோசிஸ் என்கிறார்கள். குடிகாரனுக்கு வருகிற அதே சிரோசிஸ்தான், வந்த பாதைதான் வேறு. உங்கள் பெரியப்பா பாதையைக் குழப்பிக்கொண்டார்.

இன்னொரு வழி, வைரஸின் டி.என்.ஏ துண்டு நம் டி.என்.ஏவுக்குள் செருகிக்கொள்வது. அதன் முழு நீளமே 3,200 எழுத்துதான். பெரும்பாலும் எங்காவது தரிசு நிலத்தில் விழும், ஒன்றும் ஆகாது. சில செல்லில் டெர்ட் என்ற ஜீனுக்குப் பக்கத்தில் விழுந்துவிடும். செல் ஒவ்வொரு முறை பிரியும்போதும் குரோமோசோமின் நுனி கொஞ்சம் தேயும். தேய்ந்து தீர்ந்தால் செல் ஓய்வு பெறும். தேய்ந்த நுனியைப் புதுப்பிப்பது டெர்ட். வளர்ந்த ஈரல் செல்லில் அதை அணைத்து வைத்திருப்பார்கள். பக்கத்தில் விழுந்த வைரஸ் துண்டு அதை எரியவிட்டால் அந்தச் செல்லுக்கு ஓய்வே கிடையாது. ஈரல் கான்சர்களைப் பிரித்துப் பார்த்தால் பி வைரஸ் துண்டு அடிக்கடி அகப்படுகிற இடம் இதுதான். சிரோசிஸ் இல்லாமலேயே பி வைரஸால் கான்சர் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எக்ஸ் என்ற ஒரு புரதமும் உண்டு. செல்லின் பல சுவிட்சுகளில் கைவைக்கும். அதற்குள் போனால் விடிந்துவிடும், விட்டுவிடுகிறேன்.

ஈரலைத் தாக்கும் இன்னொரு வைரஸான ஹெபடைடிஸ் சி இதற்கு நேர்மாறு. அது நம் டி.என்.ஏவுக்குள் நுழைவதே இல்லை, அழற்சி வழியாகத்தான் பெரும்பாலும் கெடுக்கும். அதனால்தான் பன்னிரண்டு வாரம் மாத்திரை சாப்பிட்டால் சி வைரஸை அடியோடு ஒழித்துவிட முடிகிறது. பி வைரஸ் ஈரல் செல்லின் கருவுக்குள் ஒரு வட்டமான டி.என்.ஏவாகச் சுருண்டு படுத்துவிடும். மாத்திரையால் அதை அடக்கலாம், வேரோடு பிடுங்க முடியாது.


மூலிகைப் பித்தன் | வெள்ளி, காலை 7.30

எல்லாம் வெள்ளைக்காரன் கதையாகவே இருக்கிறதே! கீழாநெல்லியை மோரில் அரைத்துக் கொடுத்து எத்தனை காமாலையை நம் பாட்டிமார் இறக்கியிருக்கிறார்கள். பி வைரஸுக்கும் கீழாநெல்லி கேட்கும் என்று மெட்ராஸிலேயே நிரூபித்திருக்கிறார்கள். அக்கா அதை ஏன் மறைக்கிறார்?


லேப் அக்கா | வெள்ளி, இரவு 8.45

மறைக்கவில்லை ஐயா, நீங்கள் கேட்டதே நல்லதாயிற்று. 1988ல் மெட்ராஸ் டாக்டர்கள் லான்செட் பத்திரிகையில் எழுதினார்கள். கீழாநெல்லிப் பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் பி வைரஸின் அடையாளம் மறைந்தது. கீழாநெல்லி இல்லாத வெறும் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. அந்தக் கட்டுரையில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் பாருக் ப்ளம்பர்க். பி வைரஸைக் கண்டுபிடித்து 1976ல் நோபல் வாங்கியவரே அவர்தான். வெள்ளைக்காரன் ஒதுக்கிவிட்டான் என்று சொல்ல வழியில்லை, ஆசையோடுதான் பார்த்தார்கள்.

அப்புறம் தாய்லாந்திலும் வேறு இடங்களிலும் திரும்பச் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. ஒரு முறை வந்து மறுமுறை வராததை நம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது. பாட்டி இறக்கிய காமாலையா? வளர்ந்தவர்களுக்கு வைரஸால் வருகிற காமாலை பெரும்பாலும் தானாகவே இறங்கும். நல்ல பெயர் கீழாநெல்லிக்குப் போய்விடும்.


மூலிகைப் பித்தன் | வெள்ளி, இரவு 9.02

மோர் குடித்ததாவது மிச்சம் என்று வையுங்கள்.


பெகு வாத்தியார் | சனி, காலை 10.20

ஒரு வாரமாக என் பழைய புத்தகங்களையும் புதிய கட்டுரைகளையும் புரட்டினேன். முதல் நாள் நான் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். ஆனாலும் என் பயம் முழுக்கப் போகவில்லை.

உகாண்டாவில் டெனிஸ் பர்க்கிட் என்ற ஐரிஷ் டாக்டர், குழந்தைகளுக்குத் தாடையில் வருகிற ஒரு கட்டியைப் பற்றி 1958ல் எழுதினார். பிறகு பழைய மோட்டார் வண்டியில் கிளம்பி ஆப்பிரிக்காவின் ஆஸ்பத்திரிகளில் அந்தக் கட்டி எங்கெங்கே இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டே போனார். கொசு பெருகும் சூடான, மழை மிகுந்த பகுதிகளில்தான் அது இருந்தது. 1964ல் லண்டனில் எப்ஸ்டீனும் கூட்டாளிகளும் அந்தக் கட்டியின் செல்லுக்குள் ஒரு புதிய வைரஸைப் பார்த்தார்கள். அதுதான் இபிவி. வேடிக்கை என்னவென்றால், உலகத்துப் பெரியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அந்த வைரஸ் இருக்கிறது, என் உடம்பிலும் இருக்கும். ஆனால் கட்டி வந்தது மலேரியா ஓயாமல் தாக்குகிற ஊர்க் குழந்தைகளுக்கு. மலேரியா, ரத்தத்தில் பி செல்கள் என்கிற வெள்ளணுக்களை ஓயாமல் பெருக வைக்கிறது. இபிவி அவற்றைச் சாகவிடாமல் வைக்கிறது. அந்த அமளியில் 8ஆம் குரோமோசோமின் துண்டு 14ல் போய் ஒட்டிக்கொண்டால், செல்லைப் பெருக வைக்கும் மிக் என்ற ஜீன் அடங்காமல் ஓடும்.

ஆக, வைரஸ் மட்டும் போதாது. துணை வேண்டும், விபத்து வேண்டும், காலம் வேண்டும். இதைச் சேர்த்துச் சொல்லாமல் "வைரஸால் கான்சர்" என்று சொல்வது ஆபத்து என்பதே என் கட்சி.


லேப் அக்கா | சனி, பகல் 12.40

அந்தக் கட்சியில் நானும் சேர்ந்துகொள்கிறேன் ஐயா. உலகத்தில் வருகிற கான்சரில் தொற்றுக் கிருமிகளால் வருவது நூற்றுக்குப் பதின்மூன்று போல, 2018ஆம் வருடக் கணக்கு. அதிலும் வயிற்றில் இருக்கிற ஒரு பாக்டீரியாவுக்குப் பெரும் பங்கு உண்டு. மீதிக்குப் புகை, வெற்றிலை பாக்கு, வயது, எத்தனையோ.


துவாண்டே தாத்தா | சனி, பகல் 1.30

வெற்றிலை பாக்கை ஏன் இழுக்கிறாய்? நான் ஒரு நாளைக்குப் பத்து குன்யா, அதாவது வெற்றிலைச் சுருள், போடுகிறவன். அதிலும் வைரஸா?


லேப் அக்கா | சனி, பகல் 1.52

இல்லை தாத்தா, அதற்கு வைரஸே தேவையில்லை. புகையிலை இல்லாத வெறும் பாக்கே கான்சர் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் கான்சர் ஆராய்ச்சிப் பிரிவு 2004லேயே சொல்லிவிட்டது. வாய்க்குள் வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ இருந்தால் உடனே காட்டுங்கள். நாப்பி மீன் விழுதை விட்டுவைத்தேனே என்று சந்தோஷப்படுங்கள்.


கடல்தாண்டி | ஞாயிறு, இரவு 11.30

அண்ணன்மாரே, அக்கா, நான் இதுவரை இங்கே எழுதியதில்லை. வெளிநாட்டு வேலைக்கு மெடிக்கல் எடுத்தபோது பி பாசிட்டிவ் என்று திருப்பிவிட்டார்கள். ஏஜெண்டுக்குக் கட்டிய பணமும் வரவில்லை. அது போகட்டும். வீட்டில் சொன்ன நாளிலிருந்து எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். அண்ணன் மகனைத் தூக்க விடுவதில்லை. அம்மா அழுதுகொண்டேதான் தட்டைத் தனியாகக் கழுவுகிறார். எனக்கும் கான்சர் வந்துவிடுமா?


லேப் அக்கா | திங்கள், காலை 6.40

தம்பி, தூங்காமல் எழுதியிருக்கிறீர்கள். முதலில் தட்டு. பி வைரஸ் சோற்றில், தட்டில், தண்ணீரில், கட்டிப்பிடிப்பதில், இருமலில் ஒட்டாது. ரத்தத்திலும் உடலுறவிலும் பிரசவத்திலும்தான் போகும். சவரக் கத்தி, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி, ஊசி, இவை தனியாக இருக்கட்டும். தட்டை இன்றைக்கே மற்ற தட்டுகளோடு அடுக்குங்கள். வீட்டில் மற்றவர்களும் டெஸ்ட் எடுத்து, இல்லாதவர்கள் மூன்று தவணை ஊசி போட்டுக்கொண்டால், அப்புறம் பயப்பட என்ன இருக்கிறது? குழந்தையைத் தூக்குங்கள்.

கான்சர் வருமா என்றால், வைரஸ் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு வராது. வைரஸ் எவ்வளவு, ஈரல் எப்படி என்று பார்த்து டாக்டர் தேவையென்றால் டெனோஃபோவிர் மாதிரி மாத்திரை தருவார். அது ஆபத்தை நன்றாகக் குறைக்கும், பூஜ்ஜியமாக்காது. 2015ல் நம் நாடு முழுவதும் எடுத்த கணக்கில் நூறு பேருக்கு ஆறேழு பேரிடம் பி வைரஸ் இருந்தது. நீங்கள் ஏறிய பஸ்ஸில் இன்னும் இரண்டு மூன்று பேர் இருந்திருப்பார்கள், அவர்களுக்கே தெரியாமல்.

ஊசி பற்றி ஒரு வார்த்தை, எல்லோருக்கும். அந்த மருந்து இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறைந்தாலும் கெட்டுவிடும். இங்கே கரண்ட் இருக்கிற லட்சணத்தில், ஜெனரேட்டர் உள்ள இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். தெருவில் பையோடு வந்து ஊசி போடுகிற வைத்தியர் சயாவிடம் வேண்டவே வேண்டாம். ஒரே ஊசியைப் பலருக்குப் போட்டதாலும் அந்தக் காலத்தில் இது பரவியது.


தட்டோன் பையன் | அடுத்த சனி, இரவு 7.15

நாங்கள் மூன்று பேரும் டெஸ்ட் எடுத்தோம். அம்மாவுக்கு எப்போதோ வந்து போய்விட்டதாம், எதிர்ப்புச் சக்தி இருக்கிறது. தங்கை 2005ல் பிறந்தவள், தடுப்பூசி வந்த பிறகு, அவளுக்கும் பாதுகாப்பு இருக்கிறது. எனக்குப் பாசிட்டிவ். 1994ல் பிறந்தவனுக்கு ஊசி ஏது?

அப்பாவிடமிருந்து சின்ன வயதில் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதைக் கேட்டதும் அம்மா அப்பா படத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். அவருக்குத் தெரியாதே அம்மா என்று சொன்னேன்.

நேற்று பெரியப்பா வீட்டுக்குப் போனேன். தைவான் கணக்கைச் சொன்னேன், 41ல் 40 என்று. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "நானும் அவனும் ஒரே வயிறுதானே, நானும் பார்க்க வேண்டுமா?" என்று கேட்டார்.


லேப் அக்கா | சனி, இரவு 7.32

கட்டாயம் பார்க்க வேண்டும். அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே தாய் என்றால் முதலில் பார்க்க வேண்டியவரே அவர்தான். நீங்களும் பயப்படாதீர்கள். வைரஸ் அளவு டெஸ்ட், ஈரல் டெஸ்ட், ஸ்கேன் மூன்றையும் எடுத்துவிட்டு ஈரல் டாக்டரைப் பாருங்கள். அப்பாவுக்குக் கான்சர் வந்திருப்பதால், ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் வேண்டுமா என்று அவரிடம் மறக்காமல் கேளுங்கள்.


கடல்தாண்டி | சனி, இரவு 8.10

தட்டோன் அண்ணே, நானும் அந்த டெஸ்ட்டுக்குத்தான் போக வேண்டும். சேர்ந்து போகலாமா? தனியாகப் போக ஒரு மாதிரி இருக்கிறது.


தட்டோன் பையன் | சனி, இரவு 8.14

போகலாம் தம்பி. பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். அக்கா, ஞாயிற்றுக்கிழமை லேப் திறந்திருக்குமா? சாப்பிடாமல் வர வேண்டுமா?


லேப் அக்கா | சனி, இரவு 8.20

ஞாயிறு காலை ஏழு முதல் பதினொன்று வரை. இந்த டெஸ்டுகளுக்குச் சாப்பிட்டுவிட்டே வரலாம், ஸ்கேனுக்கு மட்டும் வெறும் வயிறு. பெரியப்பாவை வெயிலுக்கு முன் கூட்டி வந்துவிடுங்கள்.